கூடாரத்தை மேட்டில் போடு

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கடற்கரையில் ஒரு வாரம் கூடாரமிட்டுத் தங்கப் போவதாகவும், அதற்கென ஒருவர் மட்டுமே படுக்கக்கூடிய சிறிய கூடாரம் வாங்கியிருப்பதாகவும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மா திரும்பவும் ஒரு முறை படித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் அதைப் பற்றி எதுவும் கேட்கப் போவதில்லை. கூடாரத்தை எங்கே போட வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

காய்ந்த பாசியும் சிப்பியும் ஒதுங்கிக் கிடக்கும் கோட்டைப் பார்த்து, கடல் அதுவரைதான் ஏறும் என்று எண்ணிவிடாதே. நீ போய்ச் சேரும் நாளில் அரை நிலா. அப்போது ஓதம், அதாவது கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவது, அடங்கியிருக்கும். நீ கிளம்பும் நாளிலோ முழு நிலா. சூரியனும் சந்திரனும் ஒரே நேர்க்கோட்டில் நின்று இழுக்கும் அந்நாட்களில் நீர் முதல் நாள் பார்த்த கோட்டைக் கடந்து ஏறும். ஆகவே கூடாரத்தை மேட்டில் போடு. மணல்மேட்டில் படர்ந்திருக்கும் கொடிகளின் மீது மட்டும் போடாதே. மணலைப் பிடித்து வைத்திருப்பவை அவற்றின் வேர்கள்தாம்.

பாறை முனையைச் சுற்றி நடக்க விரும்புவாய், எனக்குத் தெரியும். நீர் முழுவதும் வற்றுவதற்கு முன்பே புறப்பட்டு, ஏறத் தொடங்குவதற்குள் திரும்பிவிடு. ஓத நேரம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், முதல் நாள் போன அதே மணிக்கு வாரக் கடைசியில் போனால் பாறைக்கும் நீருக்கும் இடையே அகப்பட்டுக்கொள்வாய். உன் சித்தப்பாவுக்கு நேர்ந்ததை மறந்திருக்க மாட்டாய். நீந்தும்போது நீரோட்டம் உள்ளே இழுத்தால், கரையை நோக்கிப் போராடாமல் கரைக்கு இணையாக நீந்தி அதிலிருந்து விலகு. நீ என்னைவிட நன்றாக நீந்துபவள்தான். ஆனாலும் கரையில் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் இல்லாத இடத்தில் நீந்த வேண்டாம்.

பறவைகளைப் பற்றி உனக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. 2022-இல் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாட்களில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்ததை எனக்குச் சொன்னவளே நீதான்; அதை நான் பார்ப்பவர்களிடமெல்லாம் 'என் மகள் சொன்னாள்' என்றே சொல்லி வருகிறேன். ஆனால் அது பிறந்து ஏறத்தாழ 5 மாதமே ஆன பறவை என்பதை நான் பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதை நீ சொல்லாமல் விட்டாய். சில காலமாக நீ பலவற்றைச் சொல்லாமல்தான் விடுகிறாய். தொலைபேசியில் வானிலையைக் கேட்டால் மட்டும் விரிவாகப் பதில் வருகிறது.

உப்புக்கொத்தி என்னும் சிறு கரைப்பறவை திறந்த மணலிலேயே முட்டையிடும். மணலின் நிறத்தில் இருக்கும் அம்முட்டைகளைக் கண் எளிதில் பிரித்தறியாது. ஆகையால் ஈர மணலிலேயே நட. பறவை ஒன்று சிறகொடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு உன் முன்னால் ஓடினால் அதன் பின்னே போகாதே. கூடு அருகில் இருக்கிறது, உன் கவனத்தைத் திருப்பவே அது அப்படி நடிக்கிறது. வந்த வழியே மெல்ல விலகிவிடு. ஓதத்தையும் பாறையையும் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதுவதும் அதே வகைதான் என்கிறாள் உன் அம்மா. இருக்கலாம். இரவில் கடலாமை கரையேறினால் கைவிளக்கை அணைத்துவிடு; வெளிச்சம் கண்டால் முட்டையிடாமலேயே திரும்பிவிடக்கூடும். ஆமைக்குஞ்சுகளும் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி வழிதவறும்.

மீண்டும் சொல்கிறேன், கூடாரத்தை மேட்டில் போடு. ஒவ்வொரு நாளும் எந்தப் பக்கம் நடக்கப் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்பதைப் புறப்படுமுன் யாருக்காவது எழுதி அனுப்பு. முன்பு அதை யாருக்கு அனுப்பி வந்தாயோ அவருக்கே அனுப்பினாலும் எனக்கு மறுப்பில்லை. அது இயலாதென்றால் உன் அம்மாவுக்கு அனுப்பு. அவள் என்னிடம் சொல்ல மாட்டாள் என்று நாம் மூவரும் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அப்பா