தகப்பன் கொடுத்த சிவப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் இணைப்பில் கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் போட்டு, 'தாயைப் போல பிள்ளை. பெண் பூச்சியின் நிறம் தாயிடமிருந்தே வரும்' என்று எழுதியிருந்தார்கள். வேறு எந்தப் பூச்சிக்குச் சொன்னாலும் விட்டிருப்பேன். இதற்குச் சொன்னதை விட மனம் வரவில்லை.

சென்ற ஆவணியில் எங்கள் கொல்லைக் கறிவேப்பிலையில் ஒரு கறிவேப்பிலை அழகி முட்டையிட்டது. சுற்றிலும் தோட்டங்களில் மருந்தடிப்பார்கள். இந்தச் செடிக்கு நான் அடிப்பதில்லை. முட்டையிட்டதால்தான் பெண் என்றே தெரிந்தது. மற்றபடி ஆணைப் போலவே கருப்பு, பின்இறக்கையில் குறுக்கே வெள்ளைப் புள்ளி வரிசை. கொழுந்தோடு கிள்ளி வந்து, கொசுவலை கட்டிய வாளியில் வளர்த்தேன். முதலில் பறவை எச்சம் போலக் கிடந்த புழுக்கள் பச்சையாகி, தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்புக் கொம்பை நீட்டின. பதினொன்று பூச்சியாயின. ஆறு ஆண். ஐந்து பெண்களில் இரண்டு தாயின் சாயல். மற்ற மூன்றுக்கும் பின்இறக்கை நடுவில் வெள்ளைத் திட்டு, ஓரத்தில் சிவப்புப் பிறைகள், ரோஜா அழகி என்னும் வேறொரு வண்ணத்துப்பூச்சியின் அச்சு அசல்! ஆடுதீண்டாப்பாளைச் செடியைத் தின்று நஞ்சேறிய ரோஜா அழகியைப் பறவைகள் ஒதுக்கிவிடும். அந்த வேடம்தான் இந்தப் பெண்களுக்குக் காப்பு.

தாயிடம் இல்லாத சிவப்பு தகப்பன் வழி வந்தது. வேடத்துக்கான மரபணு ஆணிடமும் உண்டு, அவன் இறக்கையில் தலைகாட்டாது. மகளுக்கோ ஒரு பிரதி கிடைத்தாலே போதும், அது ஓங்குபண்பு. மகள்கள் இரு விதமாக வந்ததைப் பார்த்தால் அந்தத் தகப்பனிடம் ஒரு பிரதிதான் இருந்திருக்க வேண்டும்.

ஃப்ரையர் என்பவர் இலங்கையில் இதே பூச்சியைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, நூறாண்டுக்கு முன்பே இந்தக் கணக்கைக் காட்டிவிட்டார். அந்த மரபணு 'டபுள்செக்ஸ்' என்று பெங்களூருவின் கிருஷ்ணமேக் குண்டேயும் சிகாகோ ஆய்வாளர்களும் 2014இல் கண்டறிந்தார்கள். பூச்சியின் உடலை ஆணாகவோ பெண்ணாகவோ வளர்த்தெடுப்பதும் இதே மரபணுதான்! ஆனால் அது ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து மாறும் பால் குரோமோசோமில் இல்லை. அதனால் தாய், தகப்பன் இருவருமே மகனுக்கும் மகளுக்கும் அதைக் கொடுக்க முடிகிறது.

தாய், இரு வகை மகள்கள், ஒரு மகன் ஆகியவற்றின் படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு திருத்தத்தோடு இவற்றையும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
காரமடை.