‘பை சம்ஒன்’ எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பத்தாம் வகுப்புக்காக வெளியான ஆங்கில இலக்கணப் பயிற்சி குறித்து எழுதுகிறேன்; ஆக்டிவ் வாய்ஸ் (செய்வினை), பாசிவ் வாய்ஸ் (செயப்பாட்டுவினை) பற்றியது அது. ஒன்றை மற்றொன்றாக மாற்றும் அட்டவணையில் பிழை இல்லை. ஆனால் கேள்விகள் அத்தனையும் ‘இதை அதுவாக மாற்றுக’ என்ற ஒரே வார்ப்பில் இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எழுதுவது என்று ஒரு வரியும் இல்லை. தேர்வில் மதிப்பெண் வாங்க அது போதும். கல்லூரியில் ரெக்கார்டு நோட்டு எழுதும்போதும், வேலைக்குப் போய் மெயில் அனுப்பும்போதும்தான் சிக்கல் தெரியவரும்.

பாசிவ் எதற்கு என்பதைத் தமிழைக் கொண்டே விளக்கலாம். ‘தஞ்சைப் பெரிய கோயிலை ராஜராஜன் கட்டினான்’ என்கிறோம். கோயில் முன்னால் வந்தாலும் ‘ஐ’ உருபு இருப்பதால் கட்டியவன் யார் என்பதில் குழப்பம் வராது. ஆங்கிலத்தில் அந்த உருபு கிடையாது. வினைக்கு முன்னால் நிற்பதே எழுவாய். ‘தி டெம்பிள் பில்ட் ராஜராஜா’ என்றால் கோயில்தான் ராஜராஜனைக் கட்டியிருக்கும்! பேச்சு கோயிலைப் பற்றி என்னும்போது அதை முதலில் நிறுத்துவதற்காகவே ‘தி டெம்பிள் வாஸ் பில்ட் பை ராஜராஜா’ என்று எழுதுகிறார்கள். பேச்சு ராஜராஜனைப் பற்றி என்றால் ஆக்டிவ்தான் சரி. தனி வாக்கியத்தைக் கொடுத்து மாற்றச் சொன்னால் இந்த வேறுபாடு மாணவருக்குப் பிடிபடாது. முந்தைய வாக்கியம் ஒன்றாவது கூட இருக்க வேண்டும்.

பாசிவின் இன்னொரு பயன், செய்தவரைச் சொல்லாமல் விடுவது. பிளஸ் டூ வேதியியல் ரெக்கார்டில் ‘20 எம்எல் ஆஃப் தி சொல்யூஷன் இஸ் பிப்பெட்டட் அவுட்’ என்று எழுதுகிறோம். பிப்பெட்டை (கரைசலை அளந்தெடுக்கும் குழாயை) பிடித்தவர் யாராக இருந்தாலும் டைட்ரேஷனின், அதாவது ஒரு கரைசலை இன்னொன்றோடு வினைபுரிய வைத்து அளக்கும் சோதனையின், முடிவு மாறாது. ‘ஐ பிப்பெட்டட்’ என்று தொடங்கினால்தான் உறுத்தும். 20 எம்எல் என்பது மொத்தமாக ஓர் அளவு என்பதால் ‘இஸ்’ அல்லது ‘வாஸ்’ வரும், ‘ஆர்’ வராது. இதே ரெக்கார்டில் பலரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: ‘டைல்யூட் சல்ஃபியூரிக் ஆசிட் இஸ் ஆடட் அண்ட் டைட்ரேட்டட் அகெய்ன்ஸ்ட் பொட்டாசியம் பெர்மாங்கனேட்’. இலக்கணப்படி இங்கே டைட்ரேட் ஆவது ஆசிட். உண்மையில் பெர்மாங்கனேட்டோடு வினைபுரிவதோ கோனிகல் ஃபிளாஸ்கில் (கூம்புக் குடுவையில்) இருக்கும் ஃபெரஸ் (இரும்பு) உப்பு. ‘அண்ட் தி மிக்ஸ்சர் இஸ் டைட்ரேட்டட்’ என்று எழுவாயைப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும். இரண்டு பாசிவ் வினைகளை ‘அண்ட்’ போட்டு இணைக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் எழுவாய் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

செய்தவரை விடுவதற்குத்தான் பாசிவ் என்றால் ‘மை சைக்கிள் ஹேஸ் பீன் ஸ்டோலன் பை சம்ஒன்’ என்று எழுத வைப்பதில் என்ன பொருள்? சைக்கிள் தானாகத் திருடுபோகாது. யாரோ திருடியிருக்கிறார் என்பது ‘ஸ்டோலன்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. ஆக்டிவ் வாக்கியத்தின் எழுவாய் சம்ஒன், பீப்பிள், தே போன்ற சொல்லாக இருந்தால் மாற்றும்போது ‘பை’ பகுதியை விட்டுவிட வேண்டும். ஆங்கிலத்தில் புழங்கும் பாசிவ் வாக்கியங்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘பை’ கிடையாது. நம் பயிற்சிகளிலோ அது இல்லாத வாக்கியத்தைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மாற்றும் முறைக்கு எட்டு வரி அட்டவணையை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வினையைப் பார்த்து ‘எதை’, ‘யாரை’ என்று கேட்க வேண்டும். விடை கிடைத்தால் அது எழுவாய் ஆகும். பழைய வினை போட்டிருந்த சட்டையை, அதாவது காலம் காட்டும் வடிவத்தை, ‘பி’ மாட்டிக்கொள்ளும். பழைய வினை வி3 (பாஸ்ட் பார்ட்டிசிபிள்) ஆகிவிடும். ‘ஹேஸ் கிளீன்ட்’ என்பதில் ‘பி’யைப் பொருத்தினால் ‘ஹேஸ் பீன்’, அதோடு ‘கிளீன்ட்’. ‘இஸ் கிளீனிங்’ என்றால் ‘இஸ் பீயிங்’, அதோடு ‘கிளீன்ட்’. ‘வில் கிளீன்’ என்றால் ‘வில் பி கிளீன்ட்’. இது புரிந்தவர் ‘தி ரோடு இஸ் ரிப்பேரிங்’ என்றும் எழுதமாட்டார், ‘தி ரோடு இஸ் பீன் ரிப்பேர்ட்’ என்றும் எழுதமாட்டார். முதலாவதில் சாலை எதையோ பழுதுபார்க்கிறது. இரண்டாவது, பீயிங் – பீன் இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுவதால் வரும் பிழை. படித்தவர்கள் எழுதும் மெயில்களிலும் இதைப் பார்க்கலாம்.

‘எதை, யாரை’ கேள்விக்கு விடை வராத வினைக்குப் பாசிவ் இல்லை. ஹேப்பன், அக்கர், டை, அரைவ், டிஸப்பியர் எல்லாம் அந்த வகை. ‘ஆன் ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பன்ட்’ என்பது நம் ஊரில் அதிகம் கேட்கும் பிழை. எழுவாயான விபத்து தானாக எதையும் செய்யவில்லை, ஆகவே பாசிவ்தான் வரும் என்று மனம் கணக்குப் போடுகிறது. கேள்விக்கு விடை கிடைத்தும் பாசிவுக்கு வராதவை சில உண்டு: ஹேவ், காஸ்ட், ரிசெம்பிள், லேக். ‘ஹி ஹேஸ் எ கார்’ என்பதைப் பாசிவாக மாற்றச் சொல்லக் கூடாது.

கிவ், டீச், ஆஃபர், ஷோ போன்ற வினைகளுக்குச் செயப்படுபொருள் இரண்டு. தமிழில் ‘எனக்குப் புத்தகம் கொடுக்கப்பட்டது’ என்போம். ‘நான் கொடுக்கப்பட்டேன்’ என்றால் என்னையே யாரிடமோ ஒப்படைத்ததாகப் பொருள். அதனால் ‘ஐ வாஸ் கிவன் எ புக்’ என்று எழுத மாணவர்கள் அஞ்சுகிறார்கள். ஆங்கிலத்தில் அது இயல்பான வாக்கியம். ஆளை முன்வைத்துப் பேசும்போது ‘எ புக் வாஸ் கிவன் டு மி’ என்பதைவிடப் பொருத்தமானது. ‘லாஃப் அட்’, ‘லுக் ஆஃப்டர்’ போன்றவற்றில் கடைசிச் சொல்லை விடக் கூடாது: ‘ஹி வாஸ் லாஃப்ட் அட்’. கருவிக்கு ‘வித்’, செய்தவருக்கு ‘பை’. வீட்டைப் பூட்டுவது ‘வித் எ கீ’, ‘பை தி வாட்ச்மேன்’.

தானாக நடந்ததற்கும் பிறர் செய்ததற்கும் தமிழில் உள்ள வேறுபாடு இங்கே உதவும். ‘கதவு திறந்தது’ என்றால் ‘தி டோர் ஓப்பன்ட்’. ‘கதவு திறக்கப்பட்டது’ என்றால் ‘தி டோர் வாஸ் ஓப்பன்ட்’. அதேபோல், சலூனில் முடி வெட்டிக்கொண்டு வந்தவர் ‘ஐ கட் மை ஹேர்’ என்றால் தானே கத்தரியை எடுத்ததாக ஆகும். ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்ற அமைப்பு வாய்ஸ் பாடத்தோடு சேர்த்துச் சொல்லித்தர வேண்டியது. பயிற்சிகளில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. ‘லெட் தி டோர் பி குளோஸ்ட்’ என்பதற்கோ பக்கம் பக்கமாக இடம் இருக்கிறது. கதவை மூடச் சொல்லி ஆங்கிலத்தில் யாரும் அப்படிப் பேசுவதில்லை; தேர்வு கேட்பதால் ஒரு வகுப்பில் முடித்துவிட்டு நகரலாம்.

இடையில் ஒரு சொல், கோபிக்க வேண்டாம். ‘அதிகாரிகளால் ஆய்வு மேற்கொள்ளப்பட்டது’ என்று செய்திப் பக்கங்களில் அடிக்கடி வருகிறது. ‘அதிகாரிகள் ஆய்வு செய்தனர்’ என்றால் எழுத்தும் மிச்சம், தமிழும் தமிழாக இருக்கும். ‘கைது செய்யப்பட்டார்’ என்பதை நான் குறை சொல்லவில்லை. அங்கே கைதானவர்தான் செய்தி.

அடுத்த பயிற்சியில் மாற்றச் சொல்லும் கேள்விகள் பாதி இருக்கட்டும். மீதிப் பாதிக்கு, ஓர் ஊரின் பழைய பாலத்தைப் பற்றியோ ஒரு விஞ்ஞானியைப் பற்றியோ நான்கு வாக்கியப் பத்தி கொடுத்து, இடையில் ஒரு வாக்கியத்தை ஆக்டிவிலும் பாசிவிலும் எழுதி, எது அங்கே பொருந்தும், ஏன் என்று கேளுங்கள். விடைப் பகுதியில் காரணத்தையும் ஒரு வரியில் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்