பசிலைப் பூட்டி வைக்காதீர்கள்: குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம் அம்மா.

போன மாதம் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு ஆய்வுக்கு வந்திருந்தீர்கள். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து பசில் (துண்டுகளைப் பலகையில் பொருத்திப் படம் சேர்க்கிற விளையாட்டு) அடுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து நீங்களும் சந்தோஷப்பட்டீர்கள். கூட வந்தவர்கள் போட்டோ எடுத்தார்கள். உங்கள் வண்டி வாய்க்கால் பாலத்தைத் தாண்டுவதற்குள் அத்தனை பசிலும் பீரோவுக்குள் போய்விட்டன. அப்புறம் வெளியே வரவே இல்லை. ஏன் என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன். பசிலில் ஒரு துண்டு தொலைந்தாலோ உடைந்தாலோ டீச்சர் தன் கைக்காசைக் கட்ட வேண்டியதில்லை என்று எழுத்தில் ஓர் உத்தரவு போடுங்கள்.

நான் தச்சு வேலை செய்கிறவன். மழைக்கு மையத்தின் ஜன்னல் கதவு ஊதிப்போய் மூட முடியாமல் கிடந்தது. அதை இழைத்துக் கொடுக்கத்தான் அன்றைக்கு வந்திருந்தேன். நீங்கள் கிளம்பிய பிறகு நடந்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நாலு வயதுப் பையன் ஒருவன். அவன் அம்மா சம்பா வயலுக்குக் களை பறிக்கப் போயிருந்தார். பேச்சு இன்னும் சரியாக வராத பிள்ளை. அவன் கையில் இருந்தது யானை பசில், எட்டுத் துண்டு. ஏழு துண்டை வைத்துவிட்டான். மிச்சம் தும்பிக்கைதான். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அழுத்திப் பார்த்தான், போகவில்லை. எடுத்தான். துண்டைப் பார்த்தான், பலகையில் அது உட்கார வேண்டிய பள்ளத்தைப் பார்த்தான். மணிக்கட்டை மெதுவாகத் திருப்பினான். ஒரு பக்கம் உட்கார்ந்துவிட்டது, இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் முடிந்துவிடும். அந்த நேரத்தில் ஆயா வந்து, "குடு தங்கம், எண்ணி வைக்கணும்" என்று கையை நீட்டினார். பையன் துண்டை எடுத்து உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டான். பெரியவர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்து அதை வாங்கினார்கள். மையமே அதிரக் கத்தினான் அந்தப் பிள்ளை.

ஆயாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கே முகம் சுண்டிவிட்டது. "என்ன தம்பி பண்றது, எண்ணிக்கை குறைஞ்சா டீச்சர் கையிலேர்ந்துல்ல கட்டணும்" என்றார். அவர்கள் வாங்குவது மதிப்பூதியமா சம்பளமா என்கிற வழக்கே இன்னும் தீரவில்லை. அதிலும் பிடித்தம் என்றால் யார்தான் பீரோவைத் திறப்பார்கள்? அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன்.

ஆனால் அந்தப் பிள்ளை அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். என்னிடம் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு நான் முதலில் சொல்வதும் அதுதான்: பொருந்தாவிட்டால் சுத்தியலால் அடிக்காதே, எடுத்துப் பார், திருப்பிப் பார். இருபது வயதுப் பையன்களுக்கே அது பழக நாளாகிறது. இந்தப் பிள்ளை நாலு வயதில், யாரும் சொல்லாமல், தானாகக் கண்டுபிடித்தான். தப்பாக வைத்தால் பள்ளமே சொல்லிவிடுகிறது, யாரும் அதட்ட வேண்டியதில்லை. பக்கத்தில் இன்னொரு பிள்ளை உட்கார்ந்தால் "அது இல்ல, இது, திருப்பு" என்று பேச்சும் வந்துவிடும். பேச்சு வராத பிள்ளைக்கு இதைவிட என்ன வேண்டும்?

இது இன்றைக்கு முளைத்த சங்கதியும் இல்லை. 1760களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர் வரைபடத்தை மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லையை ஒட்டியே ரம்பத்தால் அறுத்து விற்றார். பிள்ளைகள் சேர்த்து அடுக்கிப் பூகோளம் படிக்கட்டும் என்பதற்காக. குழந்தைகள் தாமாகச் செய்து கற்கும் கல்வி முறையை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவருடைய மரச் சாமான்களில் சின்னக் குமிழ் வைத்திருப்பார்கள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரலும் சேர்ந்தால்தான் அதைத் தூக்க முடியும். பென்சில் பிடிப்பதும் அதே மூன்று விரல்தான். நீங்கள் எங்கள் மையத்துக்குக் கொடுத்த பழங்கள் பசிலிலும் அந்தக் குமிழ் இருக்கிறது. நல்ல பொருளாகத்தான் பார்த்துக் கொடுத்திருக்கிறீர்கள், அதற்கு நன்றி. கொடுத்த பொருளைப் பிள்ளைகள் தொடவேண்டும் அல்லவா?

உங்கள் துறையின் பாடத்திட்டத்துக்குப் பெயரே 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா'. அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் தேதி தொடங்கியது. அதன் ஆறு சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று. சத்துமாவு பாக்கெட் ஒன்று குறைந்தால் விளக்கம் கேட்கிறீர்கள், கேட்கத்தான் வேண்டும். ஆய்வு நாளைத் தவிர, ஒரு வருடமாகப் பிள்ளைகள் ஒரு பசிலைக்கூடத் தொடவில்லை என்பதற்கு யார் விளக்கம் கேட்டார்கள்?

சத்துமாவும் முட்டையும் பிள்ளைகள் சாப்பிட்டுத் தீர்ந்தால் பதிவேட்டில் செலவு என்று எழுதுகிறீர்கள். பசிலையும் அப்படி எழுதினால் என்ன? பிள்ளைகள் கையில் தேய்ந்து, கடிபட்டு, இரண்டு துண்டு காணாமல் போய், ஒன்றரை வருடத்தில் தீர்ந்துபோக வேண்டிய சாமான் அது. மேசை, நாற்காலி, தராசு வரிசையில் அதையும் இருப்பு என்று எழுதி, வருடக் கடைசியில் துண்டு துண்டாக எண்ணுவதால்தான் இவ்வளவும். பூட்டி வைத்தால் பத்திரமாக இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். இது காவிரிப் படுகை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊர்ச் சுவரெல்லாம் ஓதம் ஏறி நிற்கும். அன்றைக்கு ஆயா எடுத்து வைத்தபோது ஒன்றை வாங்கிப் பார்த்தேன். மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, ஓரமெல்லாம் உப்பி, மேலே ஒட்டிய படம் உரிந்து வருகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் போனால், ஒரு துண்டுகூடத் தொலையாமலே எல்லாம் குப்பைக்குப் போய்விடும். கணக்கு மட்டும் சரியாக இருக்கும்.

இதற்கிடையில் ஊரில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். களை பறிக்கிற கூலியில் மிச்சம் பிடித்து, மூன்றரை வயதுப் பிள்ளையை வேனில் ஏற்றி நர்சரிப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். அங்கே போய் அது நாலு கோடு நோட்டில் ஏ, பி, சி, டி எழுதுகிறது. சாயங்காலம் வீட்டுப்பாடம் வேறு. பென்சில் பிடிக்கவே விரலில் இன்னும் வலு வராத பிள்ளை அது. 2019இல் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யூகேஜி வந்தபோது எங்கள் ஊருக்கும் வருமா என்று கேட்டோம், பதிலே இல்லை. எங்கள் டீச்சர் பக்கத்து ஊர் மையத்தையும் சேர்த்துப் பார்க்கிறார். போஷன் டிராக்கர் செயலியில் எடை ஏற்ற வேண்டும், உயரம் ஏற்ற வேண்டும், சத்துமாவு வாங்க வரும் தாய்மார்களின் முகத்தைப் போனில் காட்டிச் சரிபார்க்க வேண்டும். டவர் கிடைக்காமல் வாசலில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே பிள்ளைகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். காலிப் பணியிடத்தை நிரப்பாமல், போனில் வேலையை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் ஒரு மனுஷி எத்தனை பேராக ஆவாள்?

சரி, அதெல்லாம் உங்கள் ஒருவர் கையில் இருக்கிற விஷயம் இல்லை என்பது தெரியும். கொஞ்சம் சூடாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது செலவில்லாத ஒன்று. பசிலை நுகர்பொருள் கணக்கில் எழுதலாம், துண்டு குறைந்ததற்கு டீச்சரிடமோ ஆயாவிடமோ பணம் வசூலிக்கக் கூடாது என்று எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் போதாது. அடுத்த மேற்பார்வையாளர் வந்தால் மறுபடி எண்ண ஆரம்பித்துவிடுவார். உங்கள் அதிகாரத்தில் இல்லையென்றால் மாவட்டத் திட்ட அலுவலருக்கு இந்தக் கோரிக்கையைப் பரிந்துரை செய்து அனுப்புங்கள்.

தொலைந்த துண்டுகளை நான் செய்து தருகிறேன், காசு வேண்டாம். பள்ளத்தின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் வடிவம் வந்துவிடும். பட்டறையில் பிளைவுட் துண்டு எப்போதும் கிடக்கிறது. அறுத்து, முனை குத்தாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிடுவேன். பெயின்ட் அடிக்க மாட்டேன், எல்லாவற்றையும் வாயில் வைக்கிற வயது. நீங்கள் சம்மதித்தால் புதுப் பசிலும் செய்யலாம். கொக்கு, எருமை, வயல் நண்டு, திருவாரூர் ஆழித்தேர் என்று இந்தப் பிள்ளைகள் பார்த்துப் பழகிய, பேர் சொல்லத் தெரிந்த படங்களாக. ரம்பம் பிடிக்கிறவர்கள் பக்கத்து ஊர்களிலும் இருக்கிறார்கள், நான் பேசிக்கொள்கிறேன்.

பொங்கல் விடுமுறைக்கு முன்னால் அந்த உத்தரவு வந்துவிட்டால் மிகவும் உதவியாக இருக்கும். நகல் ஒன்றை மையத்துச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். பெற்றோரும் படித்துத் தெரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் ஒரு தகப்பன்