ஹாலேயில் எனக்கு ஓர் அறைவீடு

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இயேசுவின் நாமத்தில் ஸ்தோத்திரம். ஐப்பசி மழையில் பொறையாற்று வயலெல்லாம் தண்ணீரில் நிற்பதாக நீங்கள் எழுதிய கடிதம் கார்த்திகையிலேயே கைக்கு வந்துவிட்டது. தை பிறந்த பிறகுதான் பதில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டும்.

இங்கே ஜெர்மனியில் காலை எட்டு மணிக்குத்தான் விடிகிறது, நாலரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. முதியோர் இல்லத்தில் கூடுதலாக இரவுப்பணி கேட்டு வாங்கியிருக்கிறேன். எனக்கு அது வசதியாகத்தான் இருக்கிறது. அம்மா அரைத்துக் கொடுத்த மல்லித்தூளில் இரண்டு கரண்டி மிச்சம் வைத்திருக்கிறேன். நன்றாகச் சாப்பிடுகிறேன்.

அப்பா, என் ஜெப வாழ்க்கை எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டில் நீங்கள் வேதம் வாசிப்பீர்கள், அம்மா பாட்டைத் தொடங்குவார்கள், நான் கடைசியில் ஆமென் சொல்வேன். அதையே என் விசுவாசம் என்று இத்தனை வருடம் நம்பியிருந்தேன். ஜெபம்பண்ணும்போது உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வரும் ‘அறைவீடு’ என்றால் நம் நெல் மூட்டை அடுக்கும் உள்ளறைதான் என்று சிறுவயதில் நினைத்ததுண்டு. இங்கே இருப்பதே ஓர் அறைதான். பணி முடிந்து வந்து கதவைச் சாத்தி, ஒரு சங்கீதம் வாசித்து, அன்று நடந்ததை ஆண்டவரிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். சென்ற மாதம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்ட ஒரு பெரியவரிடம் கடிந்து பேசிவிட்டேன். அவர்மேல்தான் குறை சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல என் பெருமைதான் எனக்குத் தெரிந்தது. மறுநாள் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். நம் வீட்டு ஜெபத்தில் ஒருநாளும் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை.

கீழ்த்தளத்துப் பாட்டி, காலை ஆறு மணிக்கு முன் சத்தம் கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டினார். பிறகு ஒருநாள் படியில் நிறுத்தி, தினமும் யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் ஆலயமே அறியாமல் வளர்ந்தவர் அவர். கடவுளோடு என்றதும், அவருக்கு உன் மொழி தெரியுமா என்றார். எங்கள் தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்த சீகன்பால்கு ஐயர் படித்தது இந்த ஊரில்தான் என்றும், தமிழ் அச்செழுத்துகளை இங்கே வார்த்து 1713இல் தரங்கம்பாடிக்கு அனுப்பினார்கள் என்றும், 1715இல் புதிய ஏற்பாட்டை அங்கே தமிழில் அச்சிட்டார்கள் என்றும் சொன்னேன். வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பல நாள்களில் நான் தமிழில் பேசுவது ஆண்டவரிடம் மட்டும்தான், அப்பா. ஞாயிறு காலையில் தரங்கம்பாடிப் புது எருசலேம் ஆலயத்து மணியும் பின்னால் கேட்கும் கடலின் இரைச்சலும் நினைவுக்கு வந்தால் ஜெபத்தில் வார்த்தை வருவதில்லை, அழுகைதான் வருகிறது. அதையும் அவர் கேட்கிறார்.

சம்பா அறுவடை தொடங்கியிருக்கும். சாய்ந்த கதிரை இயந்திரம் முழுதும் எடுக்காது. ஆள் வைத்தே அறுங்கள். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும். அதற்குள் தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக அம்மாவின் சங்கிலியை அடகு வைக்க வேண்டாம். பெரிய அத்தையிடம் கேளுங்கள், மாசிக்குள் நானே திருப்பிவிடுகிறேன். வாய்க்கால் ஓரத்து நிலத்தைக் குத்தகைக்கு விடும் பேச்சை நான் வரும்வரை நிறுத்தி வையுங்கள். உங்கள் கண் அறுவைக்கு மருத்துவர் என்ன தேதி கொடுத்திருக்கிறார் என்று தம்பியை உடனே எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்