மதில் மேல் சொம்பு வைத்த அப்புச்சிக்கும், காத்திருந்த உங்கள் எல்லோருக்கும்

அன்பானவர்களே,

இன்று காலை டாக்டர், "இனி கொஞ்சம் கொஞ்சமாகப் பாடலாம்" என்று சொல்லிவிட்டார். பாலக்காட்டிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். காய்ச்சலோடு, தொண்டை கட்டிய நிலையில் மேடை ஏறியதும், தொண்டையில் ஆபரேஷன் ஆனதும், கச்சேரிகள் நின்றதும் உங்களுக்குத் தெரியும். அதற்குள் மறுபடி போகவில்லை.

சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியோடு சிந்த்பாப் பாடுகிற உனக்கென்ன, குரலை அந்தக் கருவியின் ஒலியோடு கலக்கும் வோகோடர் இருக்கிறதே என்று நண்பர்கள் தைரியம் சொன்னார்கள். வாஸ்தவம்தான். வோகோடர் சுருதியைச் சிந்தசைசரிடம் வாங்கிக்கொள்ளும், பாடுகிறவர் கிசுகிசுத்தாலே போதும். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கிசுகிசுப்புக்கும் தடை.

அப்புறம் குரல் பயிற்சி தொடங்கியது. டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு 'ஊ' என்று மெல்ல ஊத வேண்டும். எதிர்த்து வரும் அழுத்தத்தால் குரல்நாண்கள் பலமாக மோதிக்கொள்ளாது. கேரளத்தில் 2020 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ராவுக்குத் தடை, பொள்ளாச்சிப் பக்கம் 2019 முதலே. நல்ல சட்டம்தான். ஆனால் கொழிஞ்சாம்பாறையில் வாங்கிய காகித ஸ்ட்ரா பயிற்சி முடிவதற்குள் நமுத்துப்போகும். திண்ணையில் உட்கார்ந்து நான் மாற்றி மாற்றிப் போராடுவதை எதிர்வீட்டு அப்புச்சி பார்த்திருக்கிறார்.

மறுநாள் காலை எங்கள் மதில் மேல் ஒரு சொம்பு. உள்ளே பப்பாளி இலைத்தண்டுகள், சாண் நீளத்துக்கு, இரு முனையும் பிசிறில்லாமல் சீவியவை. காலமெல்லாம் கள்ளு இறக்கிய கை அல்லவா. பால் போவதற்காக ராத்திரி முழுக்க ஊறவைத்து, கழுவியும் வைத்திருந்தார். சின்ன வயதில் பீப்பீ ஊதின அதே தண்டு. "இது நமுக்காது கண்ணு, ஊது" என்றார். என்ன வியாதி, எப்போது பாடுவாய் என்று ஒன்றும் கேட்கவில்லை. அதன் பிறகு தினமும் புதுத் தண்டு வந்தது. மதிலோரம் நின்று மழை, மாடு, வாய்க்கால் தண்ணீர் என்று ஏதாவது சொல்லிவிட்டுப் போவார். பதில் தேவைப்படாத பேச்சாகப் பார்த்துப் பேசினார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது. பேச முடியாதவளை அதைவிட மரியாதையாக யாரும் நடத்த முடியாது.

டாக்டருக்கும், பயிற்சி தந்த அக்காவுக்கும், என் இடத்தில் நின்று வாசித்த கோயம்புத்தூர் தம்பிகளுக்கும், டிக்கெட் பணத்தைத் திருப்பி வாங்க மறுத்தவர்களுக்கும், கர்நாடக இசை மேதை செம்பை பாகவதருக்கே ஒரு காலத்தில் குரல் போய்த் திரும்பி வந்ததே என்று எழுதிய அத்தனை பேருக்கும் நன்றி. அந்த வரியைப் பல ராத்திரி படித்தேன்.

இனி காய்ச்சலோடு, தொண்டை கட்டிய நிலையில், மேடை ஏற மாட்டேன். வேண்டாம் என்று உடம்பு சொன்னால் நிறுத்துவேன். முதல் கச்சேரி எங்கள் தெருவில்தான், அப்புச்சியால் தூரம் நடக்க முடியாது. டிக்கெட் கிடையாது. தேதி முடிவானதும் சொல்கிறேன், எல்லோரும் வாருங்கள்.