தம்பிக்கு ஓர் இசைத்தட்டு

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஓசூரில் பிரஸ் மெஷினில் தம்பியின் இடது மோதிர விரல் நுனி போய்விட்டது என்று படித்த பிறகு அன்று எனக்குப் பட்டறையில் கை ஓடவில்லை. புண் ஆறி வருவது ஆறுதல். ஆனால் கிட்டாரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டானாமே, அதைத்தான் மனம் ஏற்கவில்லை.

பிளாக் சபாத் என்ற ஆங்கிலேய ராக் இசைக் குழுவின் முதல் இசைத்தட்டை அவன் கேட்க வேண்டும். குழுவின் பெயர்தான் தட்டுக்கும் பெயர். 1970 பிப்ரவரி 13 அன்று இங்கிலாந்தில் வெளிவந்தது. அதில் கிட்டார் வாசித்த டோனி அயோமி, பர்மிங்காமில் தகடு வேலை செய்யும் ஆலையில் இருந்தவர். பதினேழு வயது. வேலையை விட்டு நிற்கும் கடைசி நாளில், வராத ஒருவருக்குப் பதிலாகப் பழக்கமில்லாத இயந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போயின. அவர் இடது கைக்காரர்; தந்தியை அழுத்தும் கையே அந்த வலது கைதான்.

இனி வாசிக்க முடியாது என்றார்கள். ஆலை மேற்பார்வையாளரோ ஜாங்கோ ரைன்ஹார்ட் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துக் கேட்கச் சொன்னார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் உலகமே வியக்க கிட்டார் வாசித்தவர் ஜாங்கோ. அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தன் விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் துண்டு ஒட்டிக்கொண்டார். அழுத்த எளிதாக மெல்லிய தந்திகளைத் தேடிப் பிடித்தார். பிற்பாடு சுருதியையும் இறக்கி, தந்தியை இன்னும் தளர்த்தினார்.

முதல் தட்டு முழுவதையும் லண்டனில் ஒரே நாளில், 1969 அக்டோபரில், பதிவு செய்தார்கள். மேடையில் வாசிப்பதைப் போல நால்வரும் சேர்ந்து வாசித்தது. பாதியில் கிட்டார் பழுதாகி வேறொன்றை எடுக்க நேர்ந்தது. மழையும் மணியோசையும் பிறகு சேர்த்தவை. அந்த முதல் பாட்டைத் தம்பி கவனிக்கட்டும்: கீழ் சட்ஜமம் (ச), மேல் சட்ஜமம், அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்திமம் (இரண்டு 'ம'க்களில் உயர்ந்தது). மூன்றே சுரங்கள், அதுவும் மிக மெதுவாக. நம் ஊரில் பிரதி மத்திமம் கல்யாணி ராகத்தில் குளிர்ச்சியாக வரும். இங்கே அதே சுரம் வயிற்றைக் கலக்குகிறது. விரைவாக ஓடாமல், ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி அதன் முழுக் கனத்தையும் இறக்குகிற வாசிப்பு. ஹெவி மெட்டல் என்று இன்று சொல்லும் கனத்த ராக் இசையின் தொடக்கமாகப் பலர் இந்தத் தட்டைத்தான் காட்டுகிறார்கள். வந்தபோது விமர்சகர்கள் பலர் இகழ்ந்தார்கள். மக்களோ வாங்கிப் பிரிட்டிஷ் பட்டியலில் எட்டாம் இடத்துக்கு ஏற்றினார்கள்.

2025 ஜூலையில் பர்மிங்காமில் அந்த நால்வரும் கடைசியாக ஒரே மேடையில் நின்றார்கள். சில வாரங்களுக்குள் பாடகர் ஆஸி ஆஸ்போர்ன் இறந்துபோனார். அன்றும் அயோமி விரல் தொப்பியோடுதான் வாசித்தார்.

இங்கே மாங்கூழ் ஆலைகளுக்குப் பெங்களூரா ரக மாங்காய் லோடு போகத் தொடங்கிவிட்டது. மழை ஏமாற்றியதில் காய் சிறுத்திருக்கிறது. அம்மாவுக்கு மூட்டுவலி அப்படியே, உன்னை விசாரித்தாள்.

புண் முழுதாக ஆறியதும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேள். அவர் சரி என்றால், விரலின் சுற்றளவை நூலால் அளந்து அனுப்பு. என் லேத்தில் நைலான் துண்டு கிடக்கிறது. இரண்டு மூன்று அளவில் கடைந்து வைக்கிறேன். தருமபுரியிலிருந்து அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரோடு அழைத்து வா.

அன்புடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து உன் நண்பன்