சித்திரையில் தண்ணீர் தேடி வரும் மகளுக்கு

பள்ளத்தூர்

அன்பு மகளுக்கு அப்பச்சி எழுதிக்கொள்வது. நானும் உன் ஆத்தாவும் நலம். மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகம்தானே?

போனில் நீ கேட்டது ரெண்டு நாளாக மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. "லீவுக்குப் பெங்களூரிலிருந்து காரிலேயே வர்றோம் அப்பச்சி. பிள்ளைகள் ஏரி பார்க்கணும்னு நிக்கிறாங்க. கொடைக்கானல் போகவா, இல்லே நம்ம பக்கமே ஏதாவது இருக்கா?" என்றாய். அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். இப்போது யோசித்து எழுதுகிறேன்.

கொடைக்கானலுக்கு இன்னொரு முறை போய்க்கொள்ளலாம். இந்த முறை மூன்று நாள் நம் தண்ணீரைப் பிள்ளைகளுக்குக் காட்டு. நம் பக்கம் பேச்சில் ஏரி என்று வராது என்பது உனக்குத் தெரியும். வயலுக்குப் பாய்வது கண்மாய், குடிக்க எடுப்பது ஊருணி, சாமிக்குத் தெப்பக்குளம். ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சித்திரை வெயிலில் பாதிக் கண்மாய் வறண்டுதான் கிடக்கும். பிள்ளைகள் முகம் வாடிவிடக் கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிக் கூட்டிவா. வறண்ட கண்மாயிலும் பார்க்க நிறைய இருக்கிறது.

திருச்சியில் ராத்தங்கி, விடியக் கிளம்புங்கள். விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வழியாக வந்தால் சித்தன்னவாசல். பிள்ளைகள் பார்க்கும் முதல் குளம் அங்கேதான் இருக்கிறது, அதுவும் தலைக்கு மேலே. அறிவர் கோயில் என்கிற சமணக் குடைவரையின் கூரையில் தாமரைக் குளம் ஒன்றைத் தீட்டி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்ததாக அங்கே கல்வெட்டே இருக்கிறது. வெளிவெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றும் தெரியாது. "அவ்வளவுதானா" என்று திரும்பிவிடாதீர்கள். கண் பழகுகிற வரை சும்மா நில்லுங்கள். முதலில் பச்சை தெரியும், அது இலை. அப்புறம் மொட்டு, மீன், அன்னம், யானை, எருமை, தாமரை பறிக்கிற ஆட்கள் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். நிறைய இடத்தில் உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பதைப் பார்க்கும்போதே எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். பக்கத்தில் ஏழடிப்பட்டத்தில் முனிவர்களின் கல் படுக்கைகள் இருக்கின்றன. வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். அதனால் காலையில் முதல் வேலையாக அங்கே ஏறிவிடு, குளத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

புதுக்கோட்டையில் சாப்பிட்டுவிட்டு வெயில் தாழ்ந்ததும் திருமயம் வாருங்கள். கோட்டை 1687இல் ராமநாதபுரம் சேதுபதி கட்டியது. கீழே சிவனும் பெருமாளும் ஒரே பாறையில் அடுத்தடுத்துக் குடைவரையில் இருக்கிறார்கள். பள்ளிகொண்ட பெருமாளைச் சின்னவளுக்குத் தலையிலிருந்து கால் வரை நடந்து காட்டு, அத்தனை நீளம். அப்புறம் கோட்டை உச்சிக்கு ஏறிச் சுற்றிலும் பாருங்கள். ஒரு கண்மாய் நிறைந்து கலுங்கு என்கிற கல் மடையில் வழிந்த தண்ணீர் அடுத்த கண்மாய்க்கு வரத்தாகும், அது நிறைந்து அடுத்ததற்குப் போகும். பள்ளிக்கூடத்தில் எத்தனை முறை படம் போட்டாலும் புரியாத சங்கதி, மேலே நின்று அடுத்தடுத்த கரைகளைப் பார்த்தால் பெரியவனுக்கு ஒரு நொடியில் புரிந்துவிடும். இறங்கியதும் ரோட்டோரத்தில் கோட்டை பைரவரைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வழியில் நுங்கு விற்றால் வாங்கு. வெட்டி வைத்ததை வாங்காதே, கண்ணெதிரே சீவித் தரச் சொல்.

மறுநாள் நான் கூடவே வருவேன். எங்காவது கண்மாய் அழிக்கிறார்களா என்று இப்போதே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு வந்ததும் ஊர் கூடி மீன் பிடிப்பதைத்தான் அப்படிச் சொல்வோம், உன் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை. கரையில் பெரியவர் ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுகிற வரை ஒருவரும் கால் வைக்க மாட்டார்கள். வீசியதும் அத்தனை சனமும் இறங்கும். ஊத்தா என்கிற அடியில்லாத மீன் கூடையைச் சேற்றில் அமுக்குவார்கள். உள்ளே மீன் மாட்டினால் கூடையின் விலாவில் டக் டக்கென்று முட்டும், பிடித்திருக்கிற கைக்கு அது தெரியும். மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவி எடுக்க வேண்டும். விரால் வழுக்கும், கெளுத்தி முள்ளால் குத்தும். பெரியவனுக்கு ஓர் ஊத்தா இரவல் வாங்கி வைக்கிறேன். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க வேண்டும், அதுவும் ஓரத்தில்தான். மண் அள்ளிய பள்ளங்கள் உள்ளே இருக்கின்றன. ரெண்டு ஆள் ஆழம் இருக்கும், கலங்கல் தண்ணீரில் தெரியாது. நான் படித்த காலத்தில் என் பெஞ்சில் உட்கார்ந்த பையன் அப்படி ஒரு பள்ளத்தில்தான் போனான். அவன் சட்டையும் பையும் கரையில் இருந்ததை இன்னும் மறக்கவில்லை. ஆகவே வேறு எந்தக் கண்மாயிலும் நான் இல்லாமல் பிள்ளைகளை இறக்காதே.

மாப்பிள்ளையிடம் ஒன்று சொல். கரைமேல் காரை ஏற்ற வேண்டாம். சீமைக்கருவேல முள் டயரைப் பதம் பார்த்துவிடும். ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போனால் போதும்.

மத்தியானம் வீட்டில் படுத்து எழுந்து, நாலரை மணிக்கு மேல் கானாடுகாத்தான். அங்கே பெரிய செட்டிநாட்டு வீடுகளைத்தான் எல்லோரும் அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். நீ பிள்ளைகளுக்குத் தண்ணீர் வழியைக் காட்டு. ஓட்டுச் சரிவில் விழுகிற மழை முற்றத்தில் இறங்கி, வாய்க்கால் வழியாகத் தெருவுக்கு வந்து, ஊருணிக்குப் போகிற மாதிரி ஊரையே அமைத்திருக்கிறார்கள். உன் அப்பத்தா ஊருணிப் படியில் செருப்போடு யாரையும் இறங்க விடமாட்டார்கள். குடத்தின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, முதல் தண்ணீரைத் தள்ளிவிட்டு, அப்புறம்தான் முகப்பார்கள். அந்தத் துணி வெயிலில் காயும்போது வரும் வாசனை, மண்ணும் பாசியும் கலந்தது, எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. குழாய் வந்தபின், ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் கவனிக்க ஆள் இல்லை. பல ஊரில் முள் மண்டிக் கிடக்கிறது. அதைப் பார்த்தால் பிள்ளைகள் ஏன் என்று கேட்பார்கள். மறைக்காமல் பதில் சொல்.

ஆத்தங்குடியில் தரைக்குப் பதிக்கிற வண்ணக் கல் போடுவதையும் பார்க்கலாம். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணத்தை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். சின்னவளுக்குப் பிடிக்கும்.

மூன்றாம் நாள் பிள்ளையார்பட்டி. காலை நடை திறந்ததும் கும்பிட்டுவிட்டு, கோயில் குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். அங்கிருந்து திருப்பத்தூர், திருக்கோஷ்டியூர். ராமானுஜர் மந்திரத்தை ஊரறியச் சொன்ன இடம். அந்தத் தெப்பக்குளத்தில் மாசியில் விளக்கு வைத்து வேண்டிக்கொள்வார்கள். நீ பிறப்பதற்கு முன் உன் ஆத்தாவும் அங்கே ஒரு விளக்கு வைத்தாள். உன்னிடம் இதைச் சொன்னாளோ என்னவோ, எனக்குத் தெரிந்து சொன்னதில்லை.

வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்துக்கு மட்டும் இப்போது போகாதே. பறவைகள் வருவது ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின்தான். நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன் எல்லாம் மரம் கொள்ளாமல் கூடு கட்டும். பக்கத்து ஊரான கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அந்தக் குஞ்சுகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. பல காலமாக இப்படித்தான். தங்கள் பிள்ளைகளுக்கு மத்தாப்போடு சரி. வெறுங்கண்மாயைப் பார்த்துவிட்டு இந்தக் கதையைக் கேட்டால் பாதிதான் ஏறும். பொங்கலுக்கு நான்கு நாள் லீவு போடச் சொல்லி மாப்பிள்ளையிடம் இப்போதே பேசு.

எல்லோருக்கும் ரெண்டு செட் பழைய துணி எடுத்து வா. கண்மாய்ச் சேறு பட்டால் கறை போகாது. உன் ஆத்தா கவுனி அரிசி வாங்கி வைத்துவிட்டாள். எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்று சொன்னால், மீன் பிடிக்கிற நாள் ஒத்து வருகிறதா என்று கேட்டு வைக்கிறேன்.

அன்புடன்
அப்பச்சி